புல்லட் கேம் கியர்: விரலால் பார்ப்பதா, டயல் கேஜ் வைப்பதா?

பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டில் கேம்கள் (வால்வுகளைத் திறக்கும் பாகங்கள்) இரண்டும் செயினில் ஓடுவதில்லை, கியரில் ஓடும். புதுசு மாட்டினால் பல் இடைவெளி, அதாவது கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் உள்ள தளர்வு, பார்த்தே ஆகவேண்டும்.

கோயமுத்தூர்ப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்குகள் கியரை விரலால் முன்னும் பின்னும் அசைப்பார்கள். லேசாக 'டிக்' என்றால் சரி. சுருக்கமான வழிதான். ஆனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு மூடினால் ஏமாந்துபோவோம். கியர் துளி கோணலாக இருந்தாலும் ஓரிடம் தளரும், இன்னோரிடம் இறுகும்.

டயல் கேஜ் என்பது நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி. கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று, அதாவது கேமுக்கு ஒரு சுற்று, நின்று நின்று நகர்த்தி, நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கேஜ் முனையைப் பல்லில் வைத்துக் கியரை அசைத்தால் வித்தியாசம் முள்ளிலேயே தெரியும். எனக்குப் பயமெல்லாம் இறுக்கம்தான். ஊளையிட்டுப் பல்லைத் தின்றுவிடும். தளர்வு தட்டும், அலுமினிய கேசிங் சூட்டில் விரிந்தால் இன்னும் கூடும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிற வண்டி என்றால் கேஜ் வைக்காமல் மூடமாட்டேன்.