பழைய வீட்டில் பர்னஸ் மாற்றியவர்களே, சுடுநீர்த் தாங்கியின் புகைபோக்கியைக் கவனியுங்கள்

ஒன்ராறியோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள், குறிப்பாக வீட்டைச் சூடாக்கும், எரிவாயுவில் இயங்கும் பழைய பர்னஸை இந்தக் குளிர்காலத்தில் மாற்ற நினைப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை வாசிக்க வேண்டும். எங்களுக்கு நேர்ந்ததில் பண இழப்பு சிறிய பகுதிதான். எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் நச்சுவாயு திரும்பி வந்ததே என்னை எழுத வைக்கிறது.

கடும் சனவரிக் குளிரில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டு பர்னஸ் பற்றுவதும் சில நொடிகளில் அணைவதுமாக இருந்தது. விளம்பரம் பார்த்து அழைத்த நிறுவனத்திலிருந்து வந்தவர், உறையைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, தீயின் வெப்பத்தை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் விரிசல் விழுந்துவிட்டது, இனி இயக்கினால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வீட்டுக்குள் பரவும், இன்றே மாற்றுங்கள் என்றார். விரிசலைக் காட்டும்படி என் மனைவி கேட்டபோது, அது உள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது என்றார். சிறு கமராவை உள்ளே விட்டுப் படம் எடுத்துக் காட்டுவது இத்தொழிலில் வழக்கமான ஒன்று. உடனடி ஆபத்து உண்மையாகவே இருந்திருந்தால், எரிவாயுவை அங்கேயே நிறுத்தி, ஆபத்தை எழுத்தில் தந்து, எரிவாயு விநியோக நிறுவனத்துக்கும் அவர் அறிவித்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றையும் செய்யாமல், விலைப்பட்டியலை மட்டும் மேசையில் வைத்தார். பற்றிய தீ நொடிகளில் அணைவதற்கு, தீ எரிகிறதா என்று உணரும் தீயுணரிக் கம்பியில் படிவு சேர்வதே அடிக்கடி காணப்படும் காரணம் என்றும், அதைக் கழற்றித் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும் என்றும் பின்னர் வந்த தொழில்நுட்பர் விளக்கினார். வீட்டில் வயதான அம்மா இருந்தார், வெளியே உறைகுளிர்; புதிய பர்னஸ் மறுநாளே பொருத்தப்பட்டது.

பெரிய கேடு அந்தப் பொருத்தலில்தான் இருந்தது. எங்கள் பழைய பர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் ஒரே செங்கல் புகைபோக்கி வழியாகவே புகையை வெளியேற்றின. உயர்திறன் கொண்ட புதிய பர்னஸ் அப்படியல்ல. அது தன் புகையைச் சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்டிக் குழாய் வழியே அனுப்புகிறது. ஆகவே இரண்டு கருவிகளுக்கென அமைந்த அகன்ற புகைபோக்கியில் சுடுநீர்த் தாங்கி மட்டும் தனித்து விடப்படுகிறது. முன்பு பர்னஸின் வெப்பம் அந்தச் செங்கற்களைச் சூடாக வைத்திருந்ததால் புகை தானாக மேலெழுந்தது. இப்போது தாங்கியின் சிறிய தீயால் அவ்வளவு பெரிய குளிர்ந்த வழியைச் சூடாக்க முடியாமல், ஈரம் உள்ளே படிந்து செங்கல் உதிரத் தொடங்குகிறது, கடுங்குளிரில் புகை மீண்டும் அடித்தள அறைக்கே இறங்குகிறது. புகைபோக்கிக்குள் அளவான உலோக உட்குழாய் இடுவது, அல்லது விசிறி பூட்டிய சுடுநீர்த் தாங்கிக்கு மாறுவது இதற்கான தீர்வு. எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் பழைய பர்னஸின் குழாயை வெட்டி, துளையைத் தகட்டால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

சில வாரங்களின் பின் ஓர் இரவு காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. வெளியேறி 911ஐ அழைத்தோம். தீயணைப்புப் படையினரைத் தொடர்ந்து வந்த எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் சுடுநீர்த் தாங்கியின் எரிவாயுவை நிறுத்தி, அதை இயக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டை கட்டினார். பர்னஸ் விற்ற நிறுவனமோ, தாங்கி தங்கள் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இது ஏற்கக்கூடிய பதில் அல்ல. ஒரு கருவியை எடுத்தால் அதே புகைபோக்கியில் எஞ்சும் கருவிக்கு அந்த வழி பொருந்துமா என்று பார்ப்பது, பொருத்துபவரின் வேலையில் அடங்கியது.

பர்னஸின் அளவிலும் அவர்கள் அக்கறை காட்டவில்லை. யன்னல்களை மாற்றி, கூரைக்கு வெப்பக்காப்பு இட்ட பிறகும், வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல், பழையதிலிருந்த 1,00,000 பி.ரி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவையே மீண்டும் வைத்தார்கள். வீட்டின் தேவைக்கு மிஞ்சிய அளவு என்பதால் அது அடிக்கடி ஓடி நிற்கிறது; தொலைவிலுள்ள அறைகள் குளிர்ந்தே கிடக்கின்றன.

ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவிகளில் வேலை செய்யும் நிறுவனம், மாகாணத்தில் எரிவாயு முதலியவற்றின் பாதுகாப்பை மேற்பார்க்கும் ரி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். வருபவரிடமும் அதன் சான்றிதழ் இருக்க வேண்டும். வீட்டு பர்னஸுக்கு ஜி-2 எனப்படும் எரிவாயுத் தொழில்நுட்பர் சான்றிதழ் போதும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுடுநீர்த் தாங்கியின் புகைக்கு என்ன ஏற்பாடு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறுபவரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் அடித்தளத்துக்குள் விடாதீர்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், தாங்கியின் மேல்மூடியிலும் அதன் மீதுள்ள புகைக்கூம்பைச் சுற்றியும் துரு இருக்கிறதா, அடித்தள யன்னல்களில் வழக்கத்துக்கு மாறாக ஈரம் வடிகிறதா, புகைபோக்கிச் செங்கலில் வெண்படிவு தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். இவற்றில் ஏதேனும் தெரிந்தால், விற்ற நிறுவனத்தை அல்லாமல், அதனோடு தொடர்பில்லாத சான்றிதழ் பெற்ற ஒருவரை அழையுங்கள். எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் காரணம் தேடி உள்ளே நிற்காமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து 911க்கு அறிவியுங்கள்.