முழு மின்சாரக் காரா, எஞ்சின் துணையுள்ள மின்சாரக் காரா?

900 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய, எஞ்சின் துணையுள்ள மின்சாரக் கார்களை முதலில் வட அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தயாரிக்கப்போவதாக 2024 ஆகஸ்டில் ஹூண்டாய் அறிவித்தது. இவ்வகைக் காரில் சக்கரங்களை மோட்டாரே சுழற்றுகிறது. ஜெனரேட்டரை இயக்கி பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவது மட்டுமே எஞ்சினின் வேலை.

அதே நிறுவனத்தின் முழு மின்சாரக் காரான கிரெட்டா எலெக்ட்ரிக், 51.4 கிலோவாட்மணி பேட்டரியில் 473 கிலோமீட்டர் ஓடும் என்பது 2025 ஜனவரியில் அது அறிமுகமானபோது சான்றளிக்கப்பட்ட கணக்கு. ஏசியோடு நெடுஞ்சாலையில் விரைந்தால் இது கணிசமாகக் குறையும் என்பதால், இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் சென்று இடையில் சார்ஜ் ஏற்றாமல் திரும்புவது இயலும் என்றாலும், கையிருப்பு அதிகம் மிஞ்சாது. யாத்திரிகர்களை ஏற்றி இரவுபகலாக ஓடும் வாடகைக் கார்களுக்கு எஞ்சின் துணையே பொருந்தும்.

சொந்த வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதியுள்ள, மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கோ அது வீண்சுமை: ஆயில் மாற்ற வேண்டும், உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடிக்கும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும் மாவட்டத்தில் பெட்ரோலைச் சுமந்து திரிவது வேடிக்கையும்கூட. ஆனால் புயலடித்து மின்சாரம் நாட்கணக்கில் நின்றுபோனால், பெட்ரோல் இருக்கும்வரை ஓடப்போவது எஞ்சினுள்ள கார்தான்.