சாட்டிலைட்டில் வண்டியைத் தேடித் தருவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்

காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

மீன் ஏற்றும் என் மாமாவின் குட்டியானை வண்டி (சின்ன சரக்கு வண்டி) ஐப்பசி மழையில் ஓர் இரவு திருடு போனது. துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு மாட்டிய ஒருவர், "சாட்டிலைட்ல அன்னிக்கு ராத்திரியை ரீவைண்ட் பண்ணி, எந்த ரோட்ல போச்சுன்னு காட்டிடுறேன் ஐயா" என்று 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அத்தையின் கம்மல் அடகுக்குப் போனது. நாளை, மறுநாள் என்று இழுத்தடித்துக் கடைசியில் ஒரு பிரிண்ட் கொடுத்தார். இரவில் எடுத்த படமாம். ஆனால் அதில் ஒவ்வொரு விசைப்படகுக்குப் பக்கத்திலும் வெயில் நிழல் விழுந்திருக்கிறது! இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பழைய வரைபடப் படம் அது.

நிலத்தைக் கூர்மையாகப் படமெடுக்கும் செயற்கைக்கோள் எதுவும் ஒரே ஊருக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 2019இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-3 சுமார் 500 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் பாய்கிறது. சில நிமிடங்களில் நம் வானத்தைக் கடந்துவிடும். ஒரே இடத்தில் நிற்பது போலிருக்கும் இன்சாட் வானிலைக் கோள்கள் இருப்பதோ 36,000 கி.மீ. உயரத்தில், இன்சாட்-3டிஆர் படத்தில் ஒரு புள்ளி என்பதே ஒரு கிலோமீட்டர். புயல் தெரியும், வண்டி எப்படித் தெரியும்? கார்ட்டோசாட்-3இல் ஒரு புள்ளி சுமார் 25 செ.மீ., நம்பர் பிளேட்டின் உயரத்தைவிடப் பெரியது. நிமிர்ந்து நிற்கும் பிளேட் மேலிருந்து தெரியவும் செய்யாது. மழை மேகம் மூடினால் சாதாரணக் கேமராவுக்கு எதுவுமே கிடைக்காது. ரேடார் கோள்கள் மேகத்தை ஊடுருவும், ஆனால் எழுத்தைப் படிக்காது.

ஜிபிஎஸ் வேறு விஷயம். அந்தக் கோள்கள் யாரையும் பார்ப்பதில்லை, சிக்னல் மட்டும் அனுப்புகின்றன. வண்டிக்குள் சிம் போட்ட டிராக்கர் இருந்தால்தான் இருக்குமிடம் தெரியும். மாமா வண்டியில் இல்லை.

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டுமில்லை. அந்த ஆள் இழுத்தடித்த நாட்களில் ஐஸ் கடை சிசிடிவி பதிவு அழிந்து, அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிட்டது. உண்மையில் வண்டியைக் காட்டியிருக்கக்கூடியது அதுதான். வண்டி போனால் அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுங்கள்; தெருவிலுள்ள கடைகள், பெட்ரோல் பங்க் பதிவுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; வண்டி டோல்கேட்டைத் தாண்டியதாக ஃபாஸ்டேக் மெசேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

அவர் மீது மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீதும் பிரிண்டும் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போய் நீங்களும் புகார் கொடுங்கள்.