முதல் சர்ஃப் போர்டு: 8 அடி ஃபோமா, ஏழரை அடி எபாக்ஸியா, 6 அடி ஷார்ட்போர்டா?

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ பத்து நாள் வகுப்பு முடித்த 15 வயதுப் பிள்ளை வீட்டில் கேட்பது பெரும்பாலும் 6 அடி ஷார்ட்போர்டுதான். வீடியோவில் வளைந்து வளைந்து பாய்கிறவர்கள் அதில்தானே நிற்கிறார்கள்? கேட்பதில் தப்பில்லை. வாங்கிக் கொடுப்பதில்தான் இருக்கிறது.

போர்டில் நீளம், அகலம், கனத்தோடு, எவ்வளவு மிதக்கும் என்பதைச் சொல்லும் லிட்டர் கணக்கும் எழுதியிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் உடல் எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டராவது வேண்டும். 50 கிலோ பிள்ளைக்கு 50 லிட்டர் கட்டாயம். 65, 70 என்றால் நிம்மதி. 6 அடி நீளம், 18¾ அங்குல அகலம், 2⅜ அங்குலக் கனம் உள்ள ஷார்ட்போர்டு சுமார் 28 லிட்டர்தான் தேறும். அதில் படுத்தால் போர்டு பாதி அமுங்கிவிடும். தோள் கடுக்கத் தண்ணீரை வலித்தாலும் அலையின் வேகத்தை எட்டிப் பிடிக்க முடியாது. அலை அடியால் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். எழுந்து நிற்பது என்பது திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற வேண்டிய பழக்கம். அலையே கிடைக்காதவர் எதை வைத்துப் பழகுவது? ஷார்ட்போர்டை இதோடு விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

8 அடி ஃபோம் போர்டு 22½ அங்குல அகலத்தில் 85 லிட்டர் அளவுக்கு வரும். மேலே மெத்தென்ற ஃபோம், அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு, உள்ளே தெர்மாகோல், அதற்கு முதுகெலும்பாக நீளவாக்கில் மரச்சட்டம். வாங்கும்போது இந்தச் சட்டம் எத்தனை என்று கேளுங்கள்; இரண்டு மூன்று இருக்க வேண்டும். சட்டமே இல்லாத மலிவு ரகம் ஆள் ஏறியதும் நடுவில் தொய்யும், சில மாதத்தில் அங்கேயே மடிப்பு விழும்.

இந்த அகலத்தின் பெரிய லாபம், தப்பைப் பொறுத்துக்கொள்வது. நெஞ்சை நாலு விரல் முன்னே வைத்துப் படுத்தால் போர்டின் மூக்கு (முன்நுனி) தண்ணீரில் குத்தி ஆள் தலைகுப்புற விழுவார்; நாலு விரல் பின்னே போனால் மூக்கு தூக்கிக்கொண்டு போர்டே பிரேக் போட்டதுபோல் நிற்கும். சின்ன போர்டில் இந்த வித்தியாசம் அலையையே தின்றுவிடும். 8 அடியில் அது பெரிதாகத் தெரியாது. படுத்தபடி கையால் தண்ணீரை வலிக்கும்போது மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் உயரத்தில் நின்றால் சரியான இடம். அந்த நிலையில் முகவாய் எங்கே வருகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

குறைகளும் உண்டு. உடைந்து வரும் நுரை அலையில் ராஜாவாக ஓடும் இது, உடையாத பச்சை அலையின் சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது பிடிமானம் இல்லாமல் வழுக்கும். கூட வரும் பிளாஸ்டிக் ஃபின்கள் (போர்டின் அடியில் பொருத்தும் துடுப்புகள்) வளையக்கூடியவை. ஃபின் திருகு போகும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் போர்டு கனத்துக்கொண்டே போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை: கை எட்டாது. 22½ அங்குலத்தை அக்குளில் இடுக்க முடியாமல் தலையில் வைத்துத்தான் தூக்க வேண்டும். காற்றடித்தால் ஆளையே சுழற்றும். 45 கிலோவுக்குக் கீழே என்றால் 7 அடி ஃபோமே போதும்.

ஏழரை அடி எபாக்ஸி மினி மால், அதாவது எபாக்ஸி ரெசினால் கெட்டியாக்கிய நடுத்தர நீள போர்டு, சுமார் 54 லிட்டர். அலையின் சரிவைக் கவ்விப் பிடித்து ஓடும், திருப்பினால் திரும்பும், இரண்டு மூன்று வருடம் கூடவே வரும். ஆனால் 60 கிலோ தாண்டிய பிள்ளைக்கு மிதப்பு இழுபறிதான். மேலும் இது கெட்டி. கழன்று வரும் போர்டு தலையில் இடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். கெட்டி ஃபின் தோலைக் கிழிக்கும். சுற்றிலும் கற்றுக்குட்டிகள் விழுந்து எழும் இடத்தில் அடுத்தவர் மண்டையையும் யோசிக்க வேண்டும். (ஃபோம் போர்டும் பஞ்சு அல்ல, அடி விழும், காயம் குறைவு, அவ்வளவுதான்.)

எங்கள் தீர்ப்பு: நுரை அலையில் பத்துக்கு எட்டு முறை எழுந்து நிற்கும்வரை ஃபோம், முடிந்தால் வாடகைக்கு. பச்சை அலையைத் தானே பிடித்து வலமோ இடமோ ஓட்டத் தொடங்கியவருக்கு எபாக்ஸி. வளரும் வயது என்பதால் லிட்டரை இன்றைய எடைக்கு அல்ல, 5 கிலோ கூட்டிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் லீஷ் (போர்டைக் காலோடு இணைக்கும் கயிறு), போர்டின் நீளத்துக்கே இருக்கட்டும்; பின்னங்காலில் கட்டுவது. அதைப் போர்டோடு சேர்க்கும் சின்னக் கயிற்றை நீளமாக விடாதீர்கள். இழுபடும்போது லீஷின் பட்டையான பகுதிதான் விளிம்பில் படிய வேண்டும். மெல்லிய கயிறு படிந்தால் கத்திபோல போர்டின் வாலை (பின்நுனியை) அறுத்துவிடும். கால் வழுக்காமலிருக்கப் போர்டில் தேய்ப்பதற்கு நம் கடலுக்கு டிராபிகல் மெழுகுதான், குளிர்நீர் மெழுகு குழைந்து வழியும். ஃபோமுக்கு ராஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு உரசிச் சிவந்துவிடும். மே மாத வெயிலில் கதவடைத்த காருக்குள் எந்த போர்டையும் வைக்காதீர்கள். மேல்தோல் கொப்பளித்துப் பிரிந்துவிடும்.

கைமாறி வரும் போர்டு என்றால் மேற்பரப்பு முழுக்கக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று அமுங்கும் இடத்தில் தோல் பிரிந்திருக்கிறது. ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் குடித்திருக்கும். உள்ளே பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமா தெர்மாகோலா என்றும் கேட்டு வையுங்கள். பி.யூ. என்றால், ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் இருக்கும் பாலியெஸ்டர் ரெசினே போதும், குப்பத்திலேயே வேலை முடியும். பெரும்பாலான எபாக்ஸி போர்டுகளுக்குள் இருப்பது தெர்மாகோல். அதன்மேல் அதே ரெசினை ஊற்றினால் பெட்ரோல் பட்டதுபோல் கரைந்து குழி விழும். அதற்கு எபாக்ஸி ரெசின் மட்டும்தான். அது கைக்கு வரும்வரை விரிசலில் டேப் ஒட்டி, போர்டைத் தண்ணீரில் இறக்காமல் நிழலில் காய வையுங்கள்.