ஆலைக்கே வரும் மருத்துவப் பரிசோதனை வண்டி: ஒரு நல அலுவலரின் மதிப்பீடு

கோவை வட்டாரத்தில் ஆலை வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்து தொழிலாளர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை செய்துதரும் நிறுவனங்களுள் ஒன்றை எங்கள் நூற்பாலையில் அமர்த்தியிருந்தோம். பெயரைக் குறிப்பிடவில்லை, இதே சேவையை எடுக்க எண்ணும் பிற ஆலைகளுக்கு, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே முக்கியம்.

பொதுப் பரிசோதனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கண் பார்வை ஆகியவற்றை வரிசை தேங்காமல் முடித்தார்கள். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்ததும், மருத்துவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, மாத்திரையை எப்போது, எதனுடன் சாப்பிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஒடிசா, பிகார் தொழிலாளர்களுக்காக இந்தி பேசும் செவிலியர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்கள்.

ஆனால் பஞ்சாலை வேலையால் வரும் நோய்களைக் கண்டறிவதில்தான் இந்தச் சேவை சறுக்குகிறது. பஞ்சுத் தூசியால் நுரையீரலில் உண்டாகும் பிசினோசிஸ் நோய், தொடக்கத்தில் வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுக்கமாகவும் மூச்சுத் திணறலாகவும் தோன்றி, அடுத்தடுத்த நாள்களில் தணிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தூசியிலேயே நின்றால் வாரம் முழுவதும் நீடித்து, இறுதியில் மீளாத பாதிப்பாகிவிடும். ஆகவே புளோரூம் (பஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் இடம்), கார்டிங் (பஞ்சிழைகளைச் சீவும் இடம்) பகுதித் தொழிலாளர்களை அந்த முதல் நாளில் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சளவுக் கருவியில் ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு குறைகிறதா என்று ஒப்பிட வேண்டும். வண்டியில் வந்த குழுவினரோ வார நடுவில் வந்து, தேநீர் இடைவேளையில் ஆளுக்கு ஒருமுறை மட்டும் ஊதச் சொல்லி, எல்லோருக்கும் ‘இயல்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முறைப்படி, ஒவ்வொரு வேளையிலும் சரியாக ஊதிய மூன்று பதிவுகளாவது வேண்டும். விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும் மார்பு எக்ஸ்ரே காசநோயைச் சந்தேகிக்க உதவும். பிசினோசிஸுக்கென்று தனி அடையாளம் எதையும் அது காட்டாது.

செவிப் பரிசோதனையில் நேர் எதிரான தவறு நடந்தது. இரைச்சலில் சில மணி நேரம் நின்றவருக்குக் காது தற்காலிகமாக மந்தமாகிவிடும் என்பதால், ஏறத்தாழ 14 மணி நேரம் அமைதியில் இருந்த பின், ஷிப்டுக்கு முன்பே சோதிக்க வேண்டும். ரிங் பிரேம் எனும் நூல் நூற்கும் எந்திரத்திலிருந்து நேராக அழைத்து வந்து சோதித்ததால், காது மருத்துவரிடம் போகச் சொன்னவர்களின் பட்டியல் தேவையின்றி நீண்டுவிட்டது. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகிலுள்ள ஒலிகளில்தான் முதலில் தெரியும். அறிக்கையிலோ அதிர்வெண் வாரியான அளவுகளே இல்லை. பிசினோசிஸும் இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவும், 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களாக இடம்பெற்றவை என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. (பரிசோதனை நோயைத் தடுத்துவிடாது, தூசி உறிஞ்சும் கருவிகளை ஒழுங்காகப் பராமரிப்பது ஆலையின் பொறுப்பு. அதற்கு எந்த வண்டியும் ஈடாகாது.)

அறிக்கைகளை ஒரே கோப்பாக்கி நிர்வாகத்துக்கு அனுப்பியது இன்னொரு குறை. யாருக்கு என்ன நோய் என்பது மேற்பார்வையாளரின் கைப்பேசியில் உலவக் கூடாது என்று எழுதியதும், மறுப்பின்றித் தனித்தனி உறைகளில் இட்டுக் கொடுத்தார்கள்.

ரத்தப் பரிசோதனைகளுக்கு மட்டுமென்றால் இந்தச் சேவையைத் தயங்காமல் அமர்த்தலாம். மூச்சு, செவிப் பரிசோதனைகளும் வேண்டுமென்றால் நாளையும் நேரத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கு நாங்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். காலை முதல் ஷிப்ட் முடியும் வரை வண்டியை நிறுத்தக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள்; அது நியாயமே. இரவு ஷிப்டுக்கு வர மட்டும் இன்னும் இசையவில்லை.