43,500 ரூபாய்க்குப் போலி கிராபிக்ஸ் கார்டு: கணினி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்குத்தான் உண்மை தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒன்றரை வருடம் கட்டிய ஏலச்சீட்டை எடுத்து, தங்கைக்கு 43,500 ரூபாயில் கணினி வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதில் மாட்டியிருக்கும் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படம் காட்டும் பாகம், போலி.

தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறாள். இதுவரை எல்லாம் மொபைலில்தான். இரவில் விளையாடுவதை நேரலையாகப் போட வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. விளையாட்டு, நேரலை, எடிட்டிங் மூன்றுக்கும் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் ஒரு கணினி தேடிக்கொண்டிருந்தோம்.

கடை சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. பாகங்களைச் சேர்த்துக் கணினி அசெம்பிள் செய்து தரும் கடை. பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் நேரம், இந்த மாடிப்படியில் ஏறினோம்.

கடைக்காரர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நான் எழுதிக்கொண்டு போன பட்டியலை வாங்கி, ப்ராசசர் (கணினியின் மூளை) ஐ7 என்றிருந்ததை அவரே பேனாவால் அடித்தார். "ஐ5-10400எஃப் போதும் அண்ணே. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, புத்தம் புதியது. தங்கைக்குத்தானே வாங்குகிறீர்கள், நான் தப்பாகச் சொல்வேனா?" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். தன் வாயாலேயே விலையைக் குறைக்கிற மனிதர் எப்படி ஏமாற்றுவார் என்று நினைத்தேன். ப்ராசசரைக் குறைத்துக்கொண்டு கார்டில் பணத்தைப் போடச் சொன்னது சரியான யோசனையும்கூட. அந்தச் சரியான யோசனையை வைத்தே கழுத்தை அறுத்திருக்கிறார்.

அடுத்தது பில். "ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம், 7,830 ரூபாய் கூடும். உங்களுக்கு எதற்கு அந்தச் செலவு? வாரன்டிக்கு நான் இருக்கிறேன்" என்றார். தலையாட்டினேன். 20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கடை பெயருக்கு அல்ல, ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. மீதி 23,500 ரூபாயைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். பதிலுக்குக் கிடைத்தது, முத்திரைகூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டு. கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்: "கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் அப்டேட் செய்துவிடாதீர்கள், வேகம் போய்விடும்." கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாளே தொடங்கியது. ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் ஒளிபரப்பை ஆரம்பிக்கப் போனால் என்வென்க் வேலை செய்யவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. வீடியோவை ப்ராசசர் தலையில் கட்டாமல் கார்டே சுருக்கி அனுப்பும் வசதி அது. அதற்காகத்தான் என்விடியா நிறுவனத்தின் கார்டே கேட்டோம். ப்ராசசரிலேயே ஓடட்டும் என்று மாற்றினால் விளையாட்டு திக்கித் திக்கி நகர்ந்தது. எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் திறக்கவே இல்லை.

கடைக்கு போன் செய்தேன். "விண்டோஸில் கோளாறு இருக்கும், மறுபடி போடுங்கள்" என்றார்கள். போட்டோம். அடுத்த முறை, "பார்த்துத் தரும் பையன் ஊருக்குப் போயிருக்கிறான், திங்கள்கிழமை வாருங்கள்." விடுப்பு எடுத்துக்கொண்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு திங்கள்கிழமை போனேன். கடைக்காரர் ஏதோ ஒரு பழைய கார் பந்தய விளையாட்டை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி, "ஓடுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்றார். தங்கை என்வென்க் பற்றிக் கேட்டாள். "பாப்பா, அதெல்லாம் இன்டர்நெட் வேகத்தைப் பொறுத்தது" என்று அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அவளுக்கு அது தெரியும். கடையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்ததால் பேசாமல் வந்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொறுக்காமல் டிரைவரை அப்டேட் செய்தோம். திரை கறுத்துவிட்டது. கார்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 10400எஃப் என்பதில் கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்', ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதைக் குறிக்கிறது. கார்டு இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது.

நேற்று அலுவலக நண்பர் ஒருவர் வந்தார். விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் அந்த டிரைவரை நீக்கித் திரையை மீட்டார். ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளை ஓட்டினார். கார்டின் பெயருக்கு முன்னால், சதுர அடைப்புக்குறிக்குள், போலி என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்தது. உள்ளே இருப்பது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் சிப். அதன் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி 1050 டிஐ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். உண்மையான 1050 டிஐ 2016-இல் வந்தது, அதில் 768 கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள். இதில் 192. என்வென்க் வசதியே 2012-இல்தான் வந்தது, அதற்கு முந்திய சிப்பில் எங்கிருந்து வரும்? டிரைவரைத் தொடாதே என்று சொன்னதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. புதிய டிரைவர் இந்தப் பழைய சிப்புக்கானதே இல்லை.

பிறகு நண்பர் கணினியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கார்டில், மானிட்டரை இணைக்கும் பழைய வகை நீல நிற விஜிஏ துளை, இரண்டு பக்கமும் திருகு. கடைக்காரர் மானிட்டர் வயரை அதில்தான் செருகிக் கொடுத்திருந்தார். 1050 டிஐ சிப்பில் அந்த அனலாக் வெளியீடே கிடையாதாம். பன்னிரண்டு நாளாக அந்தத் துளை எங்கள் கண்முன்னேதான் இருந்தது.

இன்று காலை கடைக்காரருக்கு போன் செய்தேன். "எங்கள் கடையில் வாங்கியதற்கு பில் இருக்கிறதா?" என்று கேட்டு வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டார், பதில் இல்லை. 43,500 ரூபாய்!

எதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் அதில் நிற்கவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். 7,830 இல்லை, எவ்வளவு கூடினாலும் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அதில் கார்டின் சீரியல் எண் இருக்க வேண்டும். ஜிபியு-இசட்டை பென்டிரைவில் கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன்பு கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஓபிஎஸ்ஸில் ஒரு நிமிடம் என்வென்க் மூலம் பதிவு செய்து பாருங்கள். கூடக் கொஞ்சம் செலவானாலும் 'எஃப்' இல்லாத ப்ராசசரை வாங்குங்கள். டிரைவரைத் தொடாதே என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று புகார் பதிந்துவிட்டேன். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஜிபே ரசீதையும் எஸ்டிமேட் சீட்டையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நண்பரையும் அழைத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போகிறேன். தங்கையும் வருகிறேன் என்கிறாள்.