சித்தப்பாவின் சின்ன டிராக்டர் லோடர் ஆன கதை: இரண்டரை வருட அனுபவம்

எருக்குழியிலிருந்து தொழு உரத்தை அள்ளித் தென்னைக்குப் போட ஆள் கிடைக்கவில்லை. ஆரம்பம் அதுதான். வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தென்னை, 6 மாடு. முன்பெல்லாம் நாலு பேர் நாலு நாள் மம்பட்டியும் கூடையுமாக நின்று குழியைக் காலி செய்துவிடுவார்கள். இப்போது வருகிறவர்களும் வெள்ளனே வந்து பத்து மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். வெயிலில் எருக்குழிக்குள் நின்று பார்த்தவன் அவர்களைக் குறை சொல்ல மாட்டான். ஜேசிபி கூப்பிட்டால் குழி ஒரு மணி நேரத்தில் காலியாகும். ஆனால் குவியலை மரம் மரமாகக் கொண்டுபோய்க் கொட்டுவது யார்? சொட்டுநீர்க் குழாய் கிடக்கிற வரிசைக்குள் அவ்வளவு பெரிய வண்டியை விடவும் மனசு வரவில்லை.

சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் 18 குதிரைத்திறன் சின்ன டிராக்டர் ஒன்று ஆறு வருடமாகக் கோழி அடைகிற இடமாக நின்றது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, முன்சக்கர இழுவை கிடையாது. "எடுத்துட்டுப் போ, இடமாவது காலியாகும்" என்றார். டீசல் டேங்க்கைக் கழுவி, நாசில் பார்த்து, பேட்டரி மாற்றியதும் ஓடிவிட்டது. இஞ்சினைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இன்று வரை அது ஒரு தொந்தரவும் தந்ததில்லை. தொந்தரவு எல்லாம் எரு அள்ளுவதற்காக முன்னால் நாங்கள் சேர்த்த லோடரில், அதாவது பக்கெட்டும் அதைத் தூக்குகிற இரும்புக் கையும் உள்ள பகுதியில்தான்.

நாங்கள் என்றால் நானும் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறை அண்ணனும். அவர் டிப்பர் டிரெய்லர் கட்டுகிறவர், ஆயில் அழுத்தத்தில் நீண்டு பாரம் தூக்குகிற ஹைட்ராலிக் ஜாக்கி வேலை அத்துபடி. லோடர் மட்டும் கட்டியதில்லை. 40 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்), 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் (நீளும் தூரம்) கையைத் தூக்க இரண்டு ஜாக்கி, பக்கெட்டைச் சாய்க்க இரண்டு சின்ன ஜாக்கி. ஆயிலைத் தள்ளுவது, ஒரு சுற்றுக்கு 8 சிசி தள்ளுகிற கியர் பம்ப். இஞ்சின் புல்லியிலிருந்து இரண்டு பி-பெல்ட் போட்டு அதை ஓட்டுகிறோம். கியர் பம்ப்பின் ஷாஃப்ட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது என்பதால் பெல்ட்டின் இழுவையை வாங்கிக்கொள்ள முன்னால் தனியாக ஒரு பேரிங் பிராக்கெட். இது அண்ணன் சொன்னது. நானாக இருந்தால் நேராகப் புல்லியை மாட்டி ஒரே மாதத்தில் சீலைக் கிழித்திருப்பேன்.

கணக்கு எளிது. இஞ்சின் 1500 சுற்றில் பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளும். தூக்குகிற இரண்டு ஜாக்கியும் நிரம்ப ஒரு லிட்டர் ஆயில் வேண்டும். ஆக, தரையிலிருந்து உச்சி வரை 5 விநாடி. நேரில் ஏறக்குறைய அப்படித்தான் ஏறுகிறது.

இனிச் சறுக்கல்கள்.

முதலாவது, லோடரை எங்கே பிடிப்பது என்பது. லாரிக்கு இருப்பது போல டிராக்டருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. இஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றையும் போல்ட் போட்டுக் கோத்திருக்கிறார்கள், அதுவே முதுகெலும்பு. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. இஞ்சினின் இரண்டு பக்கமும் இருந்த துளைகளில் பிளேட்டைக் கட்டி, அதன்மேல் தூணை நிறுத்தி, கையை மாட்டிவிட்டோம். பார்க்க அம்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் கிளட்ச் ஹவுசிங் சேர்கிற இடத்தில் ஆயில் கசிந்தது. ஏதோ சீல் போய்விட்டது என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் பட்டறையில் பக்கெட்டில் ஈர மண்ணோடு தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, அண்ணன் கீழே குனிந்து அந்தச் சேர்மானத்தில் செல்போன் லைட்டை அடித்தார். நான் லீவரைத் தட்டத் தட்ட, இரண்டு வார்ப்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை திறந்து மூடியது. உள்ளே இருந்த ஆயில் அந்த இழையில் பளபளத்தது. நாலு போல்ட் கையாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் வண்டி நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும்.

அங்கேயே வேலையை நிறுத்தினோம். இரண்டு பக்கமும் சேனல் இரும்பை முன்னாலிருந்து பின் ஆக்ஸில் குழல் வரை நீட்டி, அங்கே யூ-போல்ட்டால் இறுக்கி, தூணை அந்தச் சேனல் மேல் நிறுத்தினோம். இப்போது தூக்கும்போது வண்டியை நடுவில் வளைக்கிற விசையைப் பின்னச்சு வரை சேனல் வாங்கிக்கொள்கிறது, ஹவுசிங்குக்கு வேலை குறைவு. அந்தப் போல்ட்டுகள் அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தளரவில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் பக்கெட்டை வரைவதற்கு முன்னால் இதை வரையுங்கள்.

இரண்டாவது, ஆயில் டேங்க். தகடு வளைத்து நாங்களே வெல்டிங் வைத்தோம், 28 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒட்டியிருந்த வெல்டிங் கசடைச் சரியாகச் சுரண்டவில்லை. மூன்றாம் மாதம் பம்ப் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கியருக்கு இருபுறமும் கோடு கோடாகக் கீறல். புதுப் பம்ப், புது 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில், ரிட்டர்ன் பைப்பில் ஃபில்டர் என்று நான்கு இலக்கத்தில் ஒரு நல்ல தொகை போனது. ஃபில்டரை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை.

மூன்றாவது, முன் ஆக்ஸில். 40 மில்லி ஜாக்கி சின்னதுதானே என்று தோன்றும். சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோ அழுத்தத்தில் ஒரு ஜாக்கி ஒன்றரை டன் தள்ளும். கையின் நீளத்தில் அது ஆறில் ஒன்றாகக் குறைந்தாலும், வண்டியின் மூக்கு தாங்குவதைவிட அதிகமாகவே தூக்கிவிடும். ஜாக்கிக்கு இருக்கிற தெம்பு வண்டிக்கு இல்லை. ஆறு மாதத்தில் ஆக்ஸிலின் நடுவில் அச்சாணி போகிற துளை முட்டை வடிவாகிவிட்டது. லேத்தில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் இறக்கினோம். பிறகு கேஜ் மாட்டி, அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வை 120லிருந்து 90க்கு இறக்கிவிட்டேன். இப்போது 250 கிலோவுக்கு மேல் வைத்தால் வண்டியே முடியாது என்று நின்றுவிடுகிறது. அதுதான் வேண்டும்.

பின் பாரம் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. பின் டயர் இரண்டிலும் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றியிருக்கிறோம். போதாததற்கு, 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து, கான்கிரீட் நிரப்பி, பின்னால் கலப்பை மாட்டுகிற மூன்று முனை இணைப்பில் மாட்டியிருக்கிறோம். 240 கிலோ வரும். ஒரு நாள் சோம்பலில் டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கெட்டை நெஞ்சு உயரத்தில் தூக்கியபடி வாய்க்கால் வரப்பில் திரும்பினேன். வலது முன்சக்கரம் இறங்கியது. இடது பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கை தன்னால் லீவரைக் கீழே தள்ளியது, பக்கெட் மண்ணில் குத்தி நின்றது, வண்டியும் நின்றது. இறங்கியபோது கால் நடுங்கியது. அன்றிலிருந்து பாரம் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல்தான் நகர்கிறது, கொட்டுகிற இடத்தில் மட்டும்தான் மேலே.

இன்னொரு எச்சரிக்கை. ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே விரலையே இழக்க வைக்கும். நான் பழைய தினசரி காலண்டர் அட்டையை ஹோஸ் ஓரமாக நகர்த்திப் பார்க்கிறேன். கசிவு இருந்தால் முருகன் படத்தில் ஈரக்கோடு விழும்.

பக்கெட்டுக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டையை அறுத்து உதடு வைத்தோம். சாதாரண வெல்டிங் ராடில் ஒட்டியது ஒரே வாரத்தில் ஓரமாக விரிசல் விட்டது. பட்டையைச் சூடாக்கி, காயவைத்த 7018 ராடில் மறுபடி ஒட்டி, சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிட்டதும் நின்றுவிட்டது. பக்கெட் அகலம் 4 அடி. கை ஏறும்போது பக்கெட் தானாக மட்டத்தில் நிற்காது, பின்னால் சாயும். இதை மறந்து முதல் நாள் ஈரச் சாணியை உச்சிக்குத் தூக்கினேன். பானெட், ஸ்டீயரிங், என் தலை என்று ஒன்றையும் விடவில்லை. மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நான் வருத்தப்படுகிற ஒரு சிக்கனம் கண்ட்ரோல் வால்வு. பழைய இரும்புக் கடையில் கிடைத்த இரண்டு லீவர் வால்வு, ஃப்ளோட் நிலை கிடையாது. ஃப்ளோட் இருந்தால் பக்கெட் தரையின் மேடு பள்ளத்தோடு தானாக ஏறி இறங்கும். இல்லாததால் களத்து மேட்டை வழிக்கும்போதெல்லாம் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அசந்தால் பள்ளம் பறித்துவிடும். ஸ்டீயரிங்கும் பாரத்தோடு பெரிய பாடு. வண்டி நகராமல் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். நகர்த்திக்கொண்டே திருப்பப் பழகிக்கொண்டேன். ஆயில் அழுத்தத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற ஆர்பிட்ரால் மாட்டலாம் என்கிறார் அண்ணன். செலவைக் கேட்டதும் தோள்பட்டை பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நோட்டில் எழுதி வருகிற கணக்குப்படி இதுவரை 640 மணி நேரம் ஓடியிருக்கிறது. டீசல் மணிக்கு ஒன்றரை லிட்டர். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓட்டுவதால் கிளட்ச் பிளேட் 14 மாதத்தில் தேய்ந்தது. உழவில் இருந்திருந்தால் பல வருடம் வந்திருக்கும். பெல்ட் இரண்டு செட். மூட்டுகளில் இருக்கிற ஆணி, புஷ் எல்லாவற்றுக்கும் காலையில் கிரீஸ் அடிக்க 10 நிமிடம். அடிக்காத நாளில் வண்டியே கீச்சிட்டுச் சொல்லிவிடும். மொத்தச் செலவு, தவறுகளையும் சேர்த்து, 1,38,000 ரூபாய். அதில் தவறுகளின் பங்கு 30,000க்குக் குறையாது.

ரோட்டுக்கு இதை எடுத்துப் போவதில்லை. பதிவான வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோப்பு, களம், மாட்டுக்கொட்டகை, இதற்குள் அங்கிட்டும் இங்கிட்டும்தான். கண்மாய் வண்டல் அடிக்க எல்லோரையும் போல அனுமதி வாங்கி வாடகை வண்டிதான் வைத்தோம். வந்து கொட்டிய வண்டலை மரத்துக்கு மரம் பிரித்துப் போட்டது மட்டும் இது. எருக்குழி இப்போது ஒன்றரை நாள் வேலை, நான் ஒருவன் போதும்.

இடது ஜாக்கியில் சீல் லேசாக வியர்க்கிறது. சீல் கிட் மதுரையில் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் குழியில் பாதி பாக்கி இருக்கிறது, அது முடியட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.